அவர் போனில் அவர் முதலிடம்

"பாரு! நெட்ல தேடினா முதல்ல நம்ம வெப்சைட்தான் வருது!" கணவர் போனை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"தினமும் நீங்களே தேடி நீங்களே திறந்தா, உங்க போன் உங்களைத்தான் காட்டும். சமையலறைக் குழாய் ஒழுகுதுங்க. ஒரு மாசமா கத்துறேன்."

"நாளைக்குப் பார்க்கலாம். ஊரே நம்மளைத் தேடுது, நீ வேற!"

"அப்புறம் ஏன் ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசல் மணி அடித்தது. கருவிப் பையோடு ஒருவர் நின்றிருந்தார்.

"குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டீங்களே?"

கணவருக்கு முகம் சிவந்தது. "பிளம்பர் நான் குத்துக்கல்லாட்டம் வீட்ல இருக்கேன், வெளியாளைக் கூப்பிட்டியா?"

மனைவி அசரவில்லை.

"நானும் உங்களைத்தாங்க தேடினேன். என் போன்ல மூணு பக்கம் தள்ளிப் பார்த்தும் உங்களைக் காணோம்!"