இரண்டு விரல் பிரேக்

காலை எட்டு பத்து. ஹாலிஸின் எஞ்சின் பட்டறைக் கவுன்டரில் நாலு பேர், நாலு காபிக் கோப்பை. ஐந்தாவதாக உள்ளே வந்தவன் வெர்லின்.

அவனைப் பார்த்ததும் லமார் நிமிர்ந்து உட்கார்ந்தான். வெர்லின் பிரித்துப் புதிதாகக் கட்டப்போகும் 1970 செவெல் கார், லமாரின் தம்பி டூயியுடையது. விபத்துக்குப் பிறகு இனி அவன் எங்கே ஓட்டப்போகிறான் என்று லமார்தான் அதை வெர்லினுக்கு விற்றான். ஒரே ஒரு வாக்கு வாங்கிக்கொண்டு: தம்பி ஆசைப்பட்ட மாதிரியே கட்டணும்.

ஹாலிஸ் ஆர்டர் நோட்டைத் திறந்தார். "எஞ்சினுக்கு கேம் ஷாஃப்ட் எது?"

வெர்லின் பட்டியலில் ஒன்றைத் தொட்டான்.

"இது சரக்கு வண்டிக்குப் போடறதுடா. உன்னுது 454, ராட்சச எஞ்சின்."

"தெரியும்ணே."

"பெரிய கேம் போட்டா நின்ன இடத்துலயே உறுமும். கடைக்கண்ணாடி அதிரும். வேணாமா?"

"அப்படி உறுமினா, பிரேக்குக்கு எஞ்சின் குடுக்கற வேக்குவம் பத்தாது. பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். எனக்கு மெத்துன்னு இருக்கணும். ரெண்டு விரலால அமுக்கினா நிக்கணும்."

"விரலாலயா?" லமாருக்குப் பக்கத்தில் இருந்த கிளீட்டஸ் சிரித்ததில் டோனட் சர்க்கரை பறந்தது. "கால வீட்ல வெச்சுட்டு வரப்போறியா?"

வெர்லின் சிரிக்கவில்லை.

"கியர் பாக்ஸ்?"

"ஆட்டோமேட்டிக்."

கவுன்டரே கொல்லென்று சிரித்தது.

"கார்புரேட்டரும் சின்னதா போதும்ணே. சாவியத் திருப்பினதும் பத்திக்கணும். நடுரோட்டில நின்னா இறங்கித் தள்ள முடியாது."

"சர்ச்சுக்கு உருளைக்கிழங்கு சாலட் எடுத்துட்டுப் போற வண்டி!" என்றான் கிளீட்டஸ்.

லமாருக்குப் பொறுக்கவில்லை. கோப்பையை டொக்கென்று வைத்தான்.

"என் தம்பி பார்த்துப் பார்த்துச் சேர்த்த வண்டிடா அது. உனக்குப் பயமா இருந்தா சொல்லு, வாங்கின விலைக்கே திருப்பி எடுத்துக்கறேன்."

"விக்கறதுக்கில்ல, லமார்."

"அப்ப பெரிய கேம் போடு."

"போட மாட்டேன்."

"வாக்கு குடுத்தியே! டூயிக்குத் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சுடுவான்."

வெர்லின் அவனை நேராகப் பார்த்தான். "நீ அவனப் போய்ப் பார்த்து எத்தன நாளாச்சு?"

லமார் கோப்பையை மறுபடி கையில் எடுத்தான். "வேலை இருக்குடா. ரெண்டு ஷிஃப்ட்" என்றான்.

வெர்லின் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினான்.

"கோழை" என்றான் லமார், கதவு மூடுவதற்குள், அவன் காதில் விழும்படி. அதன்பின் மூன்று மாதம் இருவருக்கும் பேச்சில்லை. பட்டறைக்கு வெர்லின் வந்தால் லமார் கவுன்டரை விட்டு எழுந்து போய்விடுவான்.

ஜூன் 21, சனிக்கிழமை காலை, அந்த செவெல் சத்தமே இல்லாமல் லமார் வீட்டு வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் மடக்கிய சக்கர நாற்காலி. ஓட்டி வந்தவன் டூயி. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் வெர்லின் பொருத்தியிருந்த, காலுக்குப் பதில் கையால் அமுக்கும் பிரேக் நெம்புகோலின் மேல் அவனுடைய இரண்டு விரல்கள் இருந்தன.