வீட்டில் இரண்டு வாக்குகள்

ரெபெக்கா முதல் சுற்றிலேயே, யாரும் கேள்விப்படாத ஒரு பெண்ணிடம் தோற்ற ஒரு மணி நேரத்தில் வாக்கெடுப்பு தொடங்கிவிட்டது. டென்னிஸ் வீராங்கனை எப்போது ஓய்வு பெறலாம் என்பதை ரசிகர்கள்தான் முடிவு செய்வார்கள். நாற்பத்தொரு வயது சாம்பியனானாலும் அவளுக்கும் ஒரே வாக்குதான்.

மறுநாள் காலை போனில் முடிவு வந்தது. இன்னும் இரண்டு வருடம் ஆட வேண்டும். அதன் கீழே வீடுவாரியான விவரம்: உங்கள் வீட்டில் ஓய்வுக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். கணவன் ஜெயசீலன் அவள் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டிருந்தான்.

“நான் ஓய்வுக்குத்தாங்க போட்டேன்,” என்றாள்.

அவன் நிமிரவில்லை. “இருபது வருஷமா உன்னை சூட்கேஸோடதான் பாத்திருக்கேன். தினமும் வீட்லயே இருந்தா உன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியல.”

ரெபெக்கா இன்னொரு காலையும் அவன் பக்கம் நீட்டினாள்.