பெருச்சாளியின் புதிர்வளை

உள்ளே போனவர் வழி தெரியாமல் சிரித்துச் சிரித்துத் திண்டாட வேண்டும். அப்படியொரு விளையாட்டு வளை தோண்ட ஒரு பெருச்சாளிக்கு ஆசை.

மேட்டை ஆண்ட உடும்போ, "போன வருசம் நீ தோண்டின ஓடிப்பிடிச்சு விளையாடுற பள்ளத்தையே மறுபடி தோண்டு, சோறு போடறேன்" என்றது.

இரை தேடப் போனால் தோண்ட நேரமில்லை, தோண்டினால் பட்டினி. பெருச்சாளி வெட்கத்தை விட்டு அக்கம்பக்கத்தில் விசயத்தைச் சொல்லிச் சோறு கேட்டுப் பார்த்தது. மறுநாள் வாசலில் எலியின் நெல், நண்டு இழுத்து வந்த கிழங்கு, அணில் ஒளித்து வைத்திருந்த கடலை!

"இல்லாத வளைக்கு இத்தனை சோறா!" உடும்பு வயிறு குலுங்கச் சிரித்தது.

வளை முடியும் தறுவாயில் அடைமழை கொட்டி எல்லாம் சரிந்து சேறானது. மழைக்காலத்துக்கென்று அக்கம்பக்கத்தார் சேர்த்ததைத் தின்று தீர்த்தாயிற்றே! பெருச்சாளி தலைகுனிந்து எலியின் வாசலில் போய் நின்றது.

"எல்லாம் போச்சுங்க."

"மறுபடி தோண்டுவீங்கல்ல, அண்ணே?" என்றது எலி.

"தோண்டாம என்னால இருக்க முடியாதே."

எலி உள்ளே போய், மிச்சமிருந்த நெல்லை இழுத்து வந்து முன்னால் வைத்தது.

"அப்ப அந்த மூணாவது திருப்பத்தைக் கொஞ்சம் கஷ்டமாக்குங்க. அன்னிக்கு நைசா நுழைஞ்சு பார்த்தேன், ரொம்பச் சுலபமா இருந்துச்சு."