பூங்கொடி எந்தக் கூட்டம்?

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. சத்தமாச் சொன்னா திருமூர்த்தியண்ணன் காதுல விழுந்துபோகும். பாவம், மனுசன் இப்பத்தான் வெளியே தலைகாட்டறார்.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். சம்சாரம் தவறி நாலு வருசம். மகனும் மருமகளும் காலையில் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள்.

அன்றைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டு, மீசைக்கு மை பூசி, பேங்குக்குக் கிளம்பி வாசப்படி தாண்டினார். எதிரே தங்கச்சி சின்னாத்தாள். மேட்டுப்பாளையத்தில் வாக்கப்பட்டவள். விடியறதுக்கு முன்னாலேயே பஸ் ஏறியிருக்கிறாள்.

"ஏனுங்கண்ணா, பேங்குக்குங்களா, பொண்ணு பாக்கவுங்களா?"

திருமூர்த்தி திரும்பி வாசப்படி ஏறினார். போன தைமாசம் மறுகல்யாணப் பேச்சை மெதுவாக எடுத்தபோது, "பேரன் எடுக்கற வயசுல மாலையாங்கண்ணா?" என்று சொந்தபந்தம் முன்னாலேயே அந்தப் பேச்சை அமுக்கினவள் இவள்தான். அதனால்தான் ஆருக்கும் சொல்லாமல் ஆன்லைனில் 'துணை தேவை' என்று விளம்பரம் போட்டிருந்தார்.

"நீ எப்படி அம்மணி இந்நேரத்துல?"

"உங்க மருமக அக்‌ஷயா உங்க போன்ல இருந்ததப் பாத்துப்போட்டு ராத்திரி என்னைக் கூப்புட்டு அழுதுபோட்டா. ஆருங்க அந்த லண்டன்காரி?"

இனி மறைத்து என்ன செய்ய? "பூங்கொடின்னு பேரு. அங்க நர்ஸு. நம்மாளுக புள்ளதான், பூர்வீகம் காங்கேயம். என்ற விளம்பரத்தப் பாத்துப்போட்டு அவளே எழுதினா."

"பேசிப் பாத்தீங்களா?"

"எழுதறதுதான். ஆஸ்பத்திரியில பேசக் கூடாதாமா."

"மூஞ்சி? வீடியோவுல?"

"கேமரா கெட்டுப்போச்சாமா."

"ஓ. லண்டன்ல ரிப்பேர் கடையே இல்லயாட்ட இருக்குது."

"கிண்டல் பண்ணாத அம்மணி. எனக்குக் கோட்டும் வாட்சும் அனுப்பியிருக்கறா. டெல்லி கஸ்டம்ஸ்ல புடிச்சு வெச்சுட்டாங்க. இன்னிக்குள்ள பணம் கட்டலீன்னா அவ மேல கேஸாமா."

"கோட்டுங்களா? இந்த வெயிலுக்கு? போட்டுட்டுத் தேங்கா உரிக்கவுங்களா?"

திருமூர்த்தி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ சிரிப்பே. உனக்குப் பேச ஊடு நிறைய ஆளு. தெனமும் அந்தப் புள்ளதான் 'சாப்பிட்டீர்களா'ன்னு எழுதறா. எனக்கு வேற ஆரு இருக்கறா, சொல்லு?"

சின்னாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எந்தக் கூட்டம்னு விசாரிச்சீங்களா?"

அவர் விசாரிக்கவில்லை. ஊரில் யார் வீட்டுச் சம்பந்தம் என்றாலும் காப்பி வருவதற்கு முன்னாலேயே இதைக் கேட்கிற ஆள் அவர். ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம் என்றால் அண்ணன் தங்கச்சி முறை. அதற்குமேல் கல்யாணப் பேச்சே கிடையாது, எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

"லண்டன்ல இருக்கற புள்ளகிட்டப் போயி அதெப்படிக் கேக்கறது, தப்பா நெனச்சுக்குவா…"

"லண்டன்காரிகிட்டக் கேக்க வேண்டாம். காங்கேயத்துப் புள்ளகிட்டக் கேளுங்க. போனக் குடுங்க."

"திட்டிப்போடுவே!"

"மரியாதயாத்தான் கேப்பேன்."

மேட்டுப்பாளையத்தில் பாக்கு யாவாரம் முழுக்க வாட்ஸப்பில் பேசி முடிக்கிற கை. டக்கு டக்கு என்று தட்டினாள். 'நாங்க ஓதாளன் கூட்டமுங்க. நீங்க எந்தக் கூட்டமுங்க?'

ஒரு நிமிசம் ஆகவில்லை. பதில் வந்துவிட்டது.

'அன்பே! என்ன ஆச்சரியம்! நானும் அதே கூட்டம்தான். நம்மைக் கடவுளே சேர்த்து வைத்திருக்கிறார். பணம் கட்டிவிட்டீர்களா?'

திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். காங்கேயத்தில் பால்குடி மறக்காத குழந்தைகூட இப்படிச் சொல்லாது.

"போச்சுங்கண்ணா," என்றாள் சின்னாத்தாள். "உங்களுக்கு இன்னொரு தங்கச்சி. எனக்கு வர்ற பொங்கச் சீர்ல பாதி இனி லண்டனுக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு மீசை நனைந்து, மை வழிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பித் தென்னை மரத்தை எண்ணுகிற மாதிரி நின்றுகொண்டாள்.

அவரே அந்த நம்பரை பிளாக் பண்ணினார். சைபர் போலீசுக்கு அவள் போன் போட்டுச் சொன்னாள். பேங்குக்குப் போட்ட சட்டையைக் கழற்றிக் கொடியில் மாட்டினார்.

"அம்மணி, தைமாசமே நீ சொன்னே. எனக்குத்தான் புத்தி மழுங்கிப்போச்சு. அந்த விளம்பரத்தையும் நீயே எடுத்துப்போடு. ஊரு சிரிக்கறதுக்கு முன்னால எடுத்துப்போடு. எனக்கு அதப் பாக்கவே கூசுது."

"குடுங்க, பாக்கறேன்."

போனை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள். ரசம் கொதித்து இறங்குகிற வரைக்கும் போன் அவள் கையில்தான் இருந்தது. அண்ணனுக்குச் சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துப்போட்டியா?"

"பண்ண வேண்டியதப் பண்ணிப்போட்டனுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரனுங்கண்ணா."

அவள் போன பிறகு, மனசு கேட்காமல் போனைத் திறந்து பார்த்தார்.

விளம்பரம் அங்கேயேதான் இருந்தது. ஐம்பத்திரண்டு என்று அவர் போட்டிருந்த வயதை அறுபத்தொன்று என்று திருத்தியிருந்தாள். அவர் நம்பர் இருந்த இடத்தில், 'முதலில் மாப்பிள்ளையின் தங்கச்சியிடம் பேசவும்' என்று எழுதித் தன் நம்பரைப் போட்டிருந்தாள்.