தறிக்கூடத்தில் ஓர் உளவாளி

“உண்மையைச் சொல்லிடு கெசியா. முதலாளிகிட்ட எங்களைப் போட்டுக் கொடுத்தது நீதானே?”

மத்தியானச் சாப்பாட்டுக்காக எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். இங்கிலாந்தின் பர்ன்லி ஊர் நெசவாலையின் முற்றத்தில் பத்துப் பெண்கள் கெசியாவை வளைத்துக்கொண்டார்கள். கேட்டவள் மூத்த நெசவுக்காரி பெக்.

“சத்தியமா இல்லக்கா. நான் வேலைக்கு வந்தே மூணு மாசம்தான் ஆகுது!”

“அதைத்தான்டி நாங்களும் சொல்றோம். நீ வந்த பிறகுதான் இதெல்லாம் நடக்குது.”

பெக் கேட்டதில் நியாயம் இருந்தது. நானூறு விசைத்தறிகள் ஓடும் கூடத்தில், காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் பெண்கள் சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அது நெசவுக்காரிகளுக்கு மட்டும்தான் புரியும்.

“மேஸ்திரி நம்ம மேல கை வைக்கிறான்னு கூடத்துக்குள்ளதான் பேசினோம். சனிக்கிழமை அவன் சீட்டைக் கிழிச்சாச்சு. கூரை ஒழுகுது, திங்கக்கிழமை யாரும் வேலைக்கு வரக் கூடாதுன்னு நேத்து முடிவு பண்ணோம். இன்னைக்குக் காலையில ஓட்டையை அடைக்க நாலு பேர் கூரை மேல நிக்கிறாங்க! நாம இன்னும் போய்க் கேட்கவே இல்லையேடி!” என்றாள் பெக்.

“நல்லதுதானேக்கா நடந்திருக்கு?” என்றாள் ஒருத்தி.

“இன்னைக்கு நல்லது. நாளைக்குச் சங்கம் வைக்கிறதைப் பத்திப் பேசினா, அதுவும் முதலாளி காதுக்குப் போகும்ல? இனிமே இவ முகத்தை யாரும் பார்க்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

யாரும் பார்க்காவிட்டால் அந்தக் கூடத்தில் கெசியா ஊமை. குறுக்கு நூலை இழுத்தோடும் இரும்பு முனை நாடா தறியிலிருந்து தெறித்து வந்தால்கூட எச்சரிக்க ஆளிருக்காது. போன வருடம் ஒருத்திக்கு அப்படித்தான் கண் போனது.

அந்த நேரம் பார்த்து ஹோல்ராய்ட் முதலாளி முற்றத்தைக் கடந்தார். அம்மாடி, என்ன மனிதர்! மலைக்கு அந்தப்பக்கம் இரண்டு ஆலைகளை எழுப்பிவிட்டு, நாலு மாதம் முன்புதான் இதையும் வாங்கியிருந்தார். தினமும் தறிக்கூடத்தைப் பார்த்த மேல்மாடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே உடம்பு சிலிர்க்கும்.

கெசியா பின்னால் ஓடினாள். “ஐயா! ஐயா! ஒரு நிமிஷம் நில்லுங்கய்யா!”

அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“கூப்பிட்டா என்னைக்குத் திரும்பியிருக்காரு? அவ்வளவு திமிரு!” என்று பெக் முகத்தைச் சுளித்தாள்.

கெசியா முன்னால் போய் வழிமறித்தாள். அழுகையில் குரலே வரவில்லை, உதடுதான் அசைந்தது. “நான் ஒண்ணும் சொல்லலைன்னு நீங்களே சொல்லுங்கய்யா.”

முதலாளி அவளையே பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல், நெசவுக்காரிகளைப் போலவே வாயை அகல அசைத்தார்.

“இவ எதுவும் சொல்லலை. நீங்கதான் தினமும் எங்கிட்டச் சொன்னீங்க. இருபது வருஷம் தறி ஓட்டினவன் நான். என் காது அங்கேயே போயிடுச்சு.”