பொதுச்சுவரும் புது ஸ்பீக்கரும்

குப்புராஜ் டிவியைப் போட்டதுதான் தாமதம், பக்கத்து வீட்டில் பட்டுத் தறி 'டக் டக்' என்று ஆரம்பித்துவிட்டது.

"பார்த்தியா? நான் டிவி போட்டா போதும், அந்த சிவசங்கரி தறியில வந்து உக்காந்துக்குது. நம்மள பேஜார் பண்ணணும்னே பண்ணுது!"

"அது அவங்க பொழப்புங்க," என்றாள் மனைவி அகல்யா.

குப்புராஜ் கேட்கவில்லை. அன்றைக்கே ஆரணி பஜாருக்குப் போய், டிவியோடு இணைக்க இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்களை வாங்கிவந்து, பொதுச்சுவரை ஒட்டி நிறுத்தினார். ஒரு வாரம் தெருவே அதிர சீரியல் ஓடியது. தறி மட்டும் நிற்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சிவசங்கரியே வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டினார் குப்புராஜ்.

அவளோ ஒரு தூக்கு நிறையப் பாயசத்தை நீட்டினாள்.

"ஸ்பீக்கர் புதுசாண்ணா? பழசுல பாதிப் பேச்சு புரியாது. இப்போ கணீர்னு கேக்குது. நெய்யும்போது கண்ணு இழையில இருக்கணும், காது சும்மாதானே இருக்குது? அதான், நீங்க எப்போ டிவி போடுவீங்கன்னு தினமும் காத்துகினு இருந்து, போட்டதும் தறியில உக்காந்துடுவேன்."

குப்புராஜ் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, தூக்கை வாங்கிக்கொண்டார்.

படியிறங்கியவள் திரும்பினாள்.

"விளம்பரம் வந்தா மட்டும் சத்தத்தைக் கம்மி பண்ணிடுங்கண்ணா. தலைய வலிக்குது!"