நம்ம வீடு மாதிரி ஒரு வீடு

“கூச்சப்படாம உக்காருங்க அண்ணாச்சி. எங்க வீட்ல எப்பவும் பானைத் தண்ணிதான்” என்று மாரித்தாய் செம்பை நீட்டினாள்.

சிவசைலம் வாங்கிக் குடித்தார். தண்ணீரில் மண்வாசம் தூக்கலாக இருந்தது. புதுப்பானை போலிருக்கிறது, நாலு நாள் புழங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வீடு பார்க்க முக்கூடலில் பஸ் ஏறும்போதே பழைய கதைதான் அவர் நினைவில் ஓடியது. மகள் தேன்மொழிக்கு வந்த இரண்டு வரன்களும் தட்டிப் போயிருந்தன. ‘பொண்ணு கவர்மென்ட் டீச்சர், வீட்ல ஒரு டிவிகூட கெடையாது, பஞ்சத்துல அடிபட்ட குடும்பம்’ என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாங்க முடியாமல் இல்லை, தேவைப்படவில்லை, அவ்வளவுதான். காலையில் ஆற்றுக் குளியல், கொல்லையில் காய்த்த கத்தரிக்காயில் ஒரு குழம்பு, லைப்ரரிப் புத்தகம் ஒன்றை அப்பனும் மகளும் பிடுங்கிப் பிடுங்கிப் படிப்பது. மனைவி போன பிறகும் அந்த வீட்டில் சிரிப்பு குறைந்ததில்லை. இதை எந்தச் சம்பந்தியிடம் போய் விளக்குவது?

“நம்ம வீடு மாதிரி ஒரு வீடாப் பாருங்கப்பா. இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்” என்று தேன்மொழி தீர்த்துச் சொல்லிவிட்டாள். தரகரிடமும் அதையே சொல்லி வைத்திருந்தார். அவளுக்கு முப்பத்திரண்டு முடியப்போகிறது. பெற்றவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

இப்போது கண்ணை மெல்ல ஓட்டினார். ஒரு கோரைப்பாய், இரண்டு நாற்காலி, ஆணியில் ஒரு துணிப்பை. கூடத்தில் வேறொன்றும் இல்லை.

“தம்பி ஆபீசுக்கு எப்படிப் போவாரு?”

“சைக்கிள்தான் அண்ணாச்சி. எம்மவன் இசக்கிமுருகனுக்கு ஆடம்பரமே ஆகாது. துணிகூட நான் கல்லுல அடிச்சுத்தான் தொவைக்கேன். எங்களுக்கு என்ன கொறை, சொல்லுங்க?”

தேன்மொழியும் இதே வார்த்தையைத்தான் சொல்வாள். சிவசைலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“மகள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருதேன்” என்று போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தார். மாரித்தாய் காப்பி போட அடுக்களைக்குள் போனாள்.

“தேனு, அப்படியே நம்ம வீடுதாம்ளா. ஒரு வித்தியாசம் கெடையாது. சரின்னு சொல்லிரட்டா?”

மறுமுனையில் தேன்மொழி, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில், “சொல்லிருங்கப்பா” என்றாள். சிவசைலத்தின் நெஞ்சில் இரண்டு வருடமாகக் கிடந்த பாரம் இறங்கியது.

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ஆபிதா பீவியின் குரல் வந்தது.

“மாரியக்கா, பொண்ணு வீட்டுக்காரவுக போயாச்சுன்னா ஒங்க ஃப்ரிட்ஜையும் சோபாவையும் எடுத்துக்கிடுங்க, எங்க வீட்ல நடக்க எடமில்ல!”